குருவி வீட்டுக்கு எத்தனை வழி

குமிலாருக்குப் பொறாமைக்காரர்களைக் கண்டாலே ஆகாது. யாராவது அடுத்தவனைப் பார்த்து வயிறெரிந்தால் முதலில் முகம் சுளிப்பவன் அவன்தான். அதே எரிச்சல் தனக்கு வந்தபோது அதற்கு வேறு பெயர் வைத்துக்கொண்டான். தரம் என்றான், கட்டுக்கோப்பு என்றான், கதை நம்பும்படி இருக்க வேண்டாமா என்றான். பெயரை மாற்றினால் வயிறு எரியாமல் இருந்துவிடுமா? அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

பாண்டுங்கில் டாகோ ஏற்றத்தில், ஒரு துணிக்கடையின் மாடியில், ஏழு பேர் கூடி ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார்கள். கதை சின்னதுதான். தோளில் தண்டு போட்டு இரண்டு பக்கமும் பெட்டியைத் தொங்கவிட்டு, சுவாங்கி என்கிற இறைச்சி உருண்டை சூப் விற்கிற ஒருத்தன். அவன் வளர்த்த முராய்க் குருவி பாட்டுப் போட்டியில் ஜெயித்துவிடுகிறது. தோற்றுப்போன ஜுராகன், ஊரிலேயே பெரிய பணக்காரர், ஆள் வைத்துக் குருவியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். அவர் வீட்டுக்குள் புகுந்து குருவியை மீட்டு வர வேண்டும். எப்படி மீட்பது என்பது ஆடுகிறவன் பாடு. இப்படிப் போ, அப்படித் திரும்பு என்று அம்புக்குறி காட்டுகிற சமாச்சாரமெல்லாம் அதில் கிடையாது. வீடு இருக்கிறது, வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள், ஆளுக்கொரு பழக்கம் இருக்கிறது. உன் சாமர்த்தியம், நீ பார்த்துக்கொள்.

அந்த வீட்டைக் கட்டியவன் குமிலார். உள்ளே போக மூன்று வழி வைத்திருந்தான். கொய்யா மரத்தில் ஏறிக் குதிக்கலாம், தோட்டக்காரன் வேஷம் போடலாம், சமையலறைச் சாக்கடைக்குள் ஊர்ந்து போகலாம். சாக்கடை வழி அவனுடைய செல்லப் பிள்ளை. அது போக, வீட்டில் சின்னச் சின்னப் பழக்கங்கள் நிறைய வைத்திருந்தான். காவலாளி பசித்தால் சாப்பிடுவான், வயிறு முட்டினால் கண்ணயர்ந்துவிடுவான். நாய் கண்ணில் பட்ட செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடும். தெருவில் சூப்காரன் கூவினால் அந்தக் குரலை அடையாளம் கண்டு குருவி பாடும். நாய் குரைத்துத் தூக்கம் கெட்டால் ஜுராகன் எழுந்து வந்து, சத்தம் போடுவது எதுவோ அதை வாசலுக்கு வெளியே விடச் சொல்லி வேலைக்காரர்களைத் திட்டுவார். மழை வந்தால் வேலைக்காரர்கள் கூண்டுகளை எல்லாம் பின்தாழ்வாரத்துக்குக் கொண்டு போவார்கள். இதெல்லாம் பார்க்க அழகாக இருக்கும் என்று வைத்ததுதான். வேறு எதற்காவது உதவும் என்று அவன் நினைக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் எல்லாரும் பட்டாகோர் பலகாரத் தட்டோடு பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவர் ஆடுவார், மற்றவர்கள் பார்ப்பார்கள். இதுவரை யாரும் போகாத வழியில் ஒருவர் குருவியை எடுத்துவிட்டால் மேசையைத் தட்டி, அந்த வழிக்கு அவர் பெயரையே வைத்துவிடுவார்கள். ரொம்ப நாளாக அந்த அறையில் ஒரே ஒரு பெயர்தான் அடிபட்டது. குமிலாரின் மரம், குமிலாரின் வேஷம், குமிலாரின் சாக்கடை. சாக்கடைக்குத் தன் பெயர் வைத்ததில் ஒரு மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை.

பிறகு ரெங்கானிஸ் வந்தாள். கேமை ஆடிப் பார்த்துக் குறை சொல்கிற டெஸ்டர் வேலைக்கு எடுத்திருந்தார்கள். அதற்கு முன் ஜகார்த்தாவில் ஒரு வங்கியில் உட்கார்ந்து, கோபத்தோடு போன் செய்கிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள். அந்த வேலையில் கற்றுக்கொண்டதோ என்னவோ, பொறுமையாகக் காத்திருப்பாள்.

வந்த முதல் வெள்ளிக்கிழமையே அவள் மரத்தையும் பார்க்கவில்லை, சாக்கடையையும் பார்க்கவில்லை. நேராக வாசலுக்குப் போய் சூப் பெட்டியை இறக்கினாள். காவலாளிக்கு ஒரு கிண்ணம் கொடுத்தாள். குடித்தான். இன்னொன்று கொடுத்தாள். அதையும் குடித்தான். மூன்றாவது கிண்ணத்தில் அவன் சுவரோரம் சாய்ந்து குறட்டை விட, இவள் வாசல் கதவைத் திறந்துகொண்டு விருந்தாளி மாதிரி உள்ளே போனாள். அறையே அதிர்ந்தது. மேசையைத் தட்டியவர்களில் குமிலாரும் ஒருவன், ஆனால் அவன் கை மட்டும் கொஞ்சம் தாமதமாகத் தட்டியது.

அடுத்த வாரம் அவள் தன் செருப்பைக் கழற்றி வேலியோரம் போட்டாள். நாய் கவ்விக்கொண்டு உள்ளே ஓடியது. கண்ட செருப்பு வீட்டுக்குள் கிடக்கிறதே என்று வேலைக்காரி பின்கதவைத் திறந்து வெளியே எறிந்தாள். கதவு திறந்த அந்த நேரம் போதாதா? படம் வரைகிற யாயானுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"காங், உங்க வீட்டுல உங்களவிட அவளுக்குத்தான் புழக்கம் ஜாஸ்தி போலிருக்கே" என்று குமிலாரைச் சீண்டினான். அந்த ஊரில் அண்ணன் காங், தங்கச்சி நெங். குமிலாரும் சிரித்தான். சிரித்து முடித்தபின் தட்டில் இருந்த பட்டாகோர் அவனுக்கு இறங்கவில்லை.

மூன்றாவதுதான் அவனைச் சாய்த்தது. அன்றைக்கு அவள் வீட்டுக்குப் பின்னால் போய் ஒரு வாழைக்கடியில் உட்கார்ந்துவிட்டாள். திரையில் ஒன்றும் நடக்கவில்லை. யாயான் கொட்டாவி விட்டான். என்ன நெங், கை வலிக்கிறதா என்று குமிலார் கேட்டதற்கு, "இல்ல காங், மழை வரட்டும்னு பாக்கறேன்" என்றாள். மழையும் வந்தது. வேலைக்காரர்கள் ஓடிவந்து கூண்டுகளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்தாழ்வாரத்தில் வரிசையாக மாட்டினார்கள், அவள் கைக்கெட்டும் தூரத்தில். எழுந்தாள், தன் குருவியை எடுத்துக்கொண்டாள், தோளில் தண்டைப் போட்டுக்கொண்டு மழைக்குள் நடந்து போய்விட்டாள். யாருக்கும் ஒரு சின்னக் காயம் இல்லை, ஒரு பூட்டு உடையவில்லை.

அன்று மேசையை உடனே யாரும் தட்டவில்லை. நிறுவனத்தை நடத்துகிற இமாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாருக்கும் மூத்தவள், எல்லாருக்கும் தெத்தே, அதாவது அக்கா, சம்பளம் கொடுக்கிற நாளில்கூடக் கண் கலங்காதவள். தான் கட்டிய வீட்டில் அதுவரை நடந்ததிலேயே அழகான காரியம் அதுதான் என்று குமிலாருக்குத் தெரிந்தது. அந்த மழையை வைத்தவன் அவன், கூண்டுகளைத் தூக்கச் சொன்னவனும் அவன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை, நேற்று வந்தவளுக்குத் தோன்றிவிட்டது. அந்த வழிக்கு ரெங்கானிஸின் மழை என்று பெயர் வைத்தார்கள். என் மழை என்று அவன் உள்ளுக்குள் கத்தினான்.

இப்படி வெந்துகொண்டிருந்த நேரத்தில்தான் இமாஸ் அந்தச் செய்தியைச் சொன்னாள். மணிலாவிலிருந்து லிக்காயா தோலோசா வருகிறார். ஜகார்த்தாவில் வேறு வேலை, நடுவில் ரயிலேறி பாண்டுங்குக்கு ஒரு மத்தியானம்.

லிக்காயா யாரென்று அந்த மாடியில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆடுகிறவனை அவன் இஷ்டப்படி போகவிடுகிற கேம்களை மட்டும் தேடித் தேடிப் பிடித்து எழுதுகிற பெண்மணி. வருஷத்துக்கு ஒரே ஒரு கேமைத் தேர்ந்தெடுத்து மேடையேற்றுவார். அவர் கை காட்டிய கேமை உலகம் முழுக்க வாங்குவார்கள். குமிலார் கல்லூரியில் படித்த காலத்திலிருந்து அவர் எழுதுவதை ஒன்று விடாமல் படிக்கிறவன். என்றாவது ஒருநாள் அவர் தன் சாக்கடைக்குள் ஊர்ந்துபோய் நிமிர்ந்து பார்த்து, இந்த வீட்டைக் கட்டியது யார் என்று கேட்க வேண்டும். அவனுடைய ஆசையெல்லாம் அந்த ஒரு கேள்விதான்.

இப்போது அவர் வருகிறார். வந்தால் என்ன நடக்கும் என்று குமிலாருக்குப் படம் மாதிரி தெரிந்தது. யாயான் சும்மா இருக்க மாட்டான், நெங், அந்த மழையைக் காட்டு என்பான். இமாஸுக்குக் கண் கலங்கும். லிக்காயா அவள் பக்கம் திரும்புவார். இத்தனை வருஷம் செங்கல் செங்கலாக அடுக்கியவன் ஓரத்தில் நின்று தேநீர் டம்ளர் எடுத்துக் கொடுப்பான்.

அந்த வாரம் முழுக்க அவன் பகல் நேரத்திலேயே, எல்லார் கண்ணெதிரேயே, அவள் கண்டுபிடித்த வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தான். காவலாளி ஒரு கிண்ணத்தோடு போதும் என்று கை காட்டினான். நாய்க்குச் செருப்பு மேல் இருந்த ஆசை போயிற்று. கூண்டுகளை முற்றத்துத் தூண்களோடு சேர்த்து இறுக்கிவிட்டான், மழை வந்தாலும் இடி விழுந்தாலும் அசையாது. இமாஸ் கேட்டபோது, கேமில் சில பக், சின்னக் கோளாறுகள் இருந்தன, சரிசெய்தேன் என்றான். வருகிறவருக்கு எங்கே சாப்பாடு, யார் ஸ்டேஷனுக்குப் போவது என்று அலைந்துகொண்டிருந்த இமாஸ் தலையாட்டிவிட்டுப் போனாள்.

வேலையை நல்ல மனசோடு செய்வதாகத்தான் அவன் நினைத்துக்கொண்டான். வேலை நேரத்தில் மூன்று கிண்ணம் சூப் குடிக்கிற காவலாளியை யார் நம்புவார்கள்? ஒவ்வொன்றை அடைக்கும்போதும் வயிற்றில் இதமாக ஒரு குளிர்ச்சி பரவியது. அது எதனால் என்று மட்டும் அவன் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

லிக்காயா வருகிற அன்று காலையில் ரெங்கானிஸ் புதுப் பதிப்பை ஆடிப் பார்த்தாள். ரொம்ப நேரம் ஆடினாள். பிறகு நாற்காலியைத் திருப்பி, "காங், காவலாளி ஒரு கிண்ணத்தோட நிறுத்திக்கிறானே" என்றாள்.

"டூட்டியில இருக்கறவன் அவ்வளவு குடிப்பானா நெங்? நம்பற மாதிரி இருக்க வேணாமா?"

"சரிதான். பாவம், முன்னாடி நல்லா ருசிச்சுச் சாப்பிட்டான்."

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. மற்ற இரண்டையும் அவள் பார்த்துவிட்டாள் என்பது அவள் குரலிலேயே தெரிந்தது. அவள் கேட்டிருந்தால் அவனும் பதிலுக்குக் கத்தியிருப்பான், நன்றாக இருந்திருக்கும். கேட்காமல் போனதுதான் அவனுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

லிக்காயா குள்ளமான, நரைத்த, அவசரமே இல்லாத பெண்மணி. இஞ்சிப் பானத்தில் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு, யார் விளக்கத்தையும் கேட்காமல் ஆட உட்கார்ந்தார். முதலில் வீட்டைச் சுற்றி நடந்தார். பெரிய வீடு, நல்ல வீடு என்று தனக்குள் முணுமுணுத்தார். குமிலாருக்குக் காது சூடானது.

காவலாளிக்கு ஒரு கிண்ணம் சூப் நீட்டினார். இன்னொன்று நீட்டினார். வேண்டாம் என்றான். நாய்க்குச் சூப்பிலிருந்து ஒரு இறைச்சி உருண்டையைப் போட்டார், அது முகர்ந்துவிட்டுப் போயிற்று. செருப்பைப் போட்டார், அது அப்படியே கிடந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே ரெங்கானிஸ் தொட்ட இடத்தையெல்லாம் அந்த அம்மாளும் தொட்டார். ஒவ்வொரு இடத்திலும் குமிலார் அடித்த ஆணியில் போய் முட்டிக்கொண்டார். யாயான் திகைத்துப்போய் இமாஸைப் பார்த்தான். இமாஸ் யாரையும் பார்க்கவில்லை.

அப்போது திரையில் மழை வந்தது. வேலைக்காரர்கள் தாழ்வாரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். குருவிகள் முற்றத்தில் நனைந்தன. லிக்காயா கையை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

"மழையில நனையற குருவிய இந்த ஊர்ல யாரும் உள்ள எடுத்து வைக்க மாட்டாங்களா?"

பாண்டுங் ஆட்களைப் பார்த்துக் கேட்கக் கூடாத கேள்வி அது. மேகம் கறுத்தால் கொடியில் காயும் சட்டையை விட்டுவிட்டுக் கூண்டை எடுக்க ஓடுகிற ஊர். முராய் நனைந்தால் நாலு நாளைக்குத் தொண்டை திறக்காது என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். குமிலாரின் வீட்டிலேயே இரண்டு கூண்டு தொங்குகிறது, ஒருநாளும் அவன் அவற்றை நனைய விட்டதில்லை. இமாஸ் இப்போது நேராக அவனைப் பார்த்தாள்.

லிக்காயா கடைசியில் சாக்கடை வழியைக் கண்டுபிடித்தார். ஊர்ந்து போனார், குருவியை எடுத்தார், வெளியே வந்தார். கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு, இந்த வீட்டைக் கட்டியது யார் என்று கேட்டார். இத்தனை வருஷமாக அவன் காத்திருந்த கேள்வி. குமிலார் கையைத் தூக்கினான்.

"அழகா கட்டியிருக்கீங்க. ஆனா இதுல உங்களத் தவிர வேற யாரும் புழங்க முடியாது போலிருக்கே" என்றார் லிக்காயா. குரலில் கடுமை இல்லை. அவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கிளம்பப் போகிறார் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. போன வாரப் பதிப்பு இருக்கிறது என்று குமிலார் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதை ஆடினால் அவர் மழையைக் கண்டுபிடிப்பார். கண்டுபிடித்தால் ரெங்கானிஸ் பெயர் வரும். அவன் வாயைத் திறக்கவில்லை.

ரெங்கானிஸ்தான் எழுந்தாள்.

"மேடம், தப்பு என்னோடது. நான் டெஸ்டர், புதுசு. இந்தப் பழக்கத்தையெல்லாம் பக்னு நெனச்சு நான்தான் அடைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துட்டேன். காங் கட்டின வீடு இது இல்ல, போன வாரத்துது. அரை மணி நேரம் இருந்தா அதப் பாத்துட்டுப் போங்க."

லிக்காயா கடிகாரத்தைப் பார்த்தார், பையைக் கீழே வைத்தார்.

பழைய பதிப்பில் அவர் செய்தது யாரும் நினைக்காத ஒன்று. வாசலுக்கு எதிரில் நின்று சுவாங்கி, சுவாங்கி என்று கூவினார். உள்ளே குருவி பாடியது. மறுபடி கூவினார், மறுபடி பாடியது. நிறுத்தவே இல்லை. மத்தியானத் தூக்கத்தில் இருந்த ஜுராகன் எழுந்து வந்து, எது இந்தச் சத்தம் போடுகிறது என்று கத்த, வேலைக்காரன் குருவிக் கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். நாய்க்காகக் குமிலார் எழுதிய பழக்கம் அது. வீட்டுக்குள் காலே வைக்காமல், ஜுராகன் உத்தரவிலேயே குருவி திரும்பி வந்துவிட்டது.

குமிலாருக்கு முதலில் தோன்றியது, நல்லவேளை, இது அவள் கண்டுபிடித்தது இல்லை என்பதுதான். பிறகுதான் அவளைப் பார்த்தான். ரெங்கானிஸ் மேசையை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, "எப்படி மேடம் தோணுச்சு, எப்படித் தோணுச்சு" என்று அந்த அம்மாள் நாற்காலியைப் பிடித்து ஆட்டினாள். தன்னை ஒருவர் மிஞ்சிவிட்டார் என்பதில் அவளுக்கு எங்கேயும் வலித்ததாகத் தெரியவில்லை. அவள் மாதிரி வழி கண்டுபிடிக்க வரவில்லையே என்று இதுவரை எரிந்தவன், அவள் மாதிரி சிரிக்க வரவில்லையே என்று இப்போது எரிந்தான்.

இந்த வருஷம் இதுதான் என்று லிக்காயா சொல்லிவிட்டார். போன வாரத்துப் பதிப்பு, ஒரு ஆணி கூடாமல், குறையாமல். படியிறங்கும்போது குமிலாரின் கையைப் பிடித்துக் குலுக்கி, ரெங்கானிஸைக் கண்ணால் காட்டிச் சிரித்தார். "உங்க வீட்ட அந்தப் பொண்ணுகிட்டேருந்து பத்திரமா பாத்துக்கோங்க."

குமிலார் சிரித்துத் தலையாட்டினான். அவள் நாலு படி மேலே நின்றுகொண்டிருந்தாள், எல்லாம் காதில் விழுந்தது. அப்போதும் அவன் தலையாட்டினான்.

மற்ற எல்லாரும் லிக்காயாவை ரயிலேற்றிவிட ஸ்டேஷனுக்குப் போனார்கள். குமிலார் மாடியில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்த ரெங்கானிஸின் பக்கத்தில் போய் நின்று, துடைக்கிற துணியைக் கையில் எடுத்துக்கொண்டான். எதற்கு உன் தலையில் போட்டுக்கொண்டாய் என்று கேட்டான். கேட்கும்போதே குரலில் கோபம்தான் இருந்தது, நன்றி வரவில்லை.

"நீங்கதான் அடைச்சீங்கன்னு சொல்லியிருந்தா அவங்க கிளம்பியிருப்பாங்க காங். சொந்த வீட்ட ஒருத்தன் வேணும்னே அடைச்சான்னா அப்புறம் யாரு அதுக்குள்ள வருவா? புதுசா வந்த டெஸ்டர் தப்பு பண்ணினா சிரிச்சுட்டு உக்காருவாங்க." ஒரு டம்ளரை அவனிடம் நீட்டினாள். "வேற என்ன பண்றது? எல்லா வழியையும்தான் நீங்க அடைச்சிட்டீங்களே. அது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு."

அவன் டம்ளரை வாங்கித் துடைத்தான். அப்போதும் அவன் மனசில் முதலில் எழுந்தது வெட்கம் இல்லை. இந்த வழியும் தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்றுதான் எரிந்தது. வெட்கம் அதற்குப் பிறகு, மெதுவாகத்தான் வந்தது.